மூடியை இறுக்க வேண்டாம்

பாலையூற்று ஒலிண்டா பார்த்தலட்
சைக்கிள் கூடையில் துவாய் சுற்றி
பெற்றோல் கொண்டுவருகிறவளின் கவனத்தோடு
கொண்டுவந்தாள் அந்த ஜாம் போத்தலை.
அடியில் நாலு விரற்கடை புளித்த மா.
"மூடியை இறுக்க வேண்டாம்.
அல்போன்ஸ் வீட்டில வெடிச்சு
சீலிங்கெல்லாம் மா."

அந்த வருசம்
ஈஸ்ட் பக்கெட்டின் விலையைக் கேட்டுவிட்டு
இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தோம்.
காஸ் சிலிண்டர் வரிசை
உட்துறைமுக வீதியில் தொடங்கி
எங்கே முடிந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.
அந்த வரிசையில் நின்றபடிதான்
மா கைமாறியது.

தினமும் ஒரு கரண்டி மா, ஒரு கரண்டி தண்ணீர்.
ஞாயிறில் பாதியை எடுத்து ஆருக்காவது குடு.
ஆளில்லாவிட்டால் கொட்டு.

ஒரு ஞாயிறு கொட்டினேன்.
கோட்டைப் பக்கமிருந்து இறங்கிவந்த புள்ளிமான்
வேலியோரம் அதை நக்கித் தின்றுவிட்டு
பின்னேரம் வரை
மின்கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.
அதன்பிறகு கொட்டவில்லை.
நுஸைபாவுக்குக் கொடுத்தேன்.
கச்சேரிக் கிளார்க் பரராஜனுக்குக் கொடுத்தேன்,
அவர் தோசை மா என்று நினைத்து
அன்றிரவே வார்த்துச் சாப்பிட்டார்.
மேல்மாடித் தவமலருக்கும் கொடுத்தேன்.
சீட்டுக்காசுச் சண்டைக்கு முந்திய ஞாயிறு அது.

கச்சான் காற்று எரிந்த ஆடியில்
ஒன்பது நாள் வவுனியாவில் நின்றுவிட்டேன்.
திரும்பி வந்தால்
போத்தலுக்குள் இளஞ்சிவப்பாய் ஒரு கோடு.
நகப்பூச்சு அழிக்கிற மணம்.
போத்தலோடு எறிந்தேன்,
ஒருவரிடமும் சொல்லவில்லை.

மார்கழி பிறந்து மூன்றாம் நாள்
ஒலிண்டா படலையில் நிற்கிறாள்.
"என்ரது செத்துப்போச்சு வதனி.
நத்தாருக்கு புரூடர் போடவேணும்.
உன்ரதில பாதி தா."

"இருக்கு," என்றது என் வாய்.
"நாளைக்குத் தாறன்."

நுஸைபா ரொட்டியில் போட்டு முடித்திருந்தாள்.
பரராஜனைக் கேட்க வேண்டியதில்லை.

மேல்மாடிக்குப் பதினேழு படி.
வெறும் போத்தலைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு
ஒன்பதாவது படியில் கொஞ்சம் நின்றேன்.
நாலு மாதமாக
தண்ணீர்த் தொட்டி நிரம்பினாலும் சொல்லாதவள்
கதவைத் திறந்து
என் முகத்தைப் பார்க்கவில்லை,
போத்தலைப் பார்த்தாள்.
உள்ளே போனாள்.
நேரம் எடுத்தாள்.

அவளுடையது வாய்வரை பொங்கி
நுரைத்துக்கொண்டிருந்தது.
மூடியில் பிளாஸ்டர் துண்டு,
அதில் பேனையால்: வதனி.

"உன்ர பேரைத்தான் வச்சனான்.
ரெண்டு நேரமும் ஏசிப்போட்டுத் தீன்போட
வசதியா இருக்கு."

கரண்டியால் பாதியை வழித்துப் போட்டாள்.
சரியான பாதி. சீட்டுக் கணக்கிலும்
அவள் அப்படித்தான்.
"பன்ரெண்டாயிரம்?"
"தை மாசம்."
"மூடியை இறுக்காதை."

ஆறு முட்டை, பட்டருக்குப் பதிலாய் மாஜரின்,
பிளம்ஸ் ஒரு பிடி, சாதிக்காய்.
ஒலிண்டாவின் நெளிவுத் தகரத்தில் ஊற்றி
இரவு முழுக்க ஈரத்துணியால் மூடிவைத்தோம்.
விடிய, பாண் இறக்கிய சூட்டிலேயே
மட்டிக்களி பேக்கரிப் போறணைக்குள் வைக்க
மனமிரங்கினார் முதலாளி.
ஓட்டோவில் கொண்டுபோகையில்
ஒரு குழிக்குள் விழுந்து எழும்பியதால்
கேக் ஒரு பக்கம் தோள் சரிந்து வெந்தது.
இந்தச் சரிவைக் கண்டால் மம்மா சிரிப்பா என்று
ஒலிண்டா தகரத்தைத் தட்டித் தட்டி அழுதாள்,
ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஆறாத ஒரு துண்டை மேலே கொண்டுபோனேன்.
படியிலேயே நின்று தின்றாள்.
"உப்புக் கூட," என்றாள்.
தட்டைத் திருப்பித் தரவில்லை.

தை வந்தது. ஐயாயிரம் கொடுத்தேன்.
மிச்சம் ஏழு நிற்கிறது.
என் குசினியில் இப்போது
பிளாஸ்டர் ஒட்டிய போத்தல் ஒன்று,
தவமலர் என்று எழுதியது.
விளக்கணைத்த பிறகு மூடிக்கடியில்
புறுபுறுத்துக்கொண்டே இருக்கிறது.
காலையில் கரண்டியோடு போய் நிற்கிறேன்.
முதலில் ஏச்சு.
பிறகு மா.